26 கோடிக்கு ஏலம் போன பழைய மஸ்டாங்: நம்ம ஊர் ஷெட்டில் நிற்கும் காருக்கும் விலை இருக்கா?

பெயின்ட் மங்கிப்போயிருக்கிறது. பாடியில் ஆங்காங்கே நெளிவு. ஆனாலும் 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒரு 1968 ஃபோர்டு மஸ்டாங் 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 26 கோடி ரூபாய்க்கு மேல்!

இன்னொரு பக்கம், திண்டுக்கல் பக்கம் தாத்தா காலத்துக் கார் ஷெட்டில் நின்றால், வீட்டில் முதலில் வரும் யோசனை காயலான் கடைதான். இரண்டுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

அந்த மஸ்டாங்கில் அப்படி என்ன ஸ்பெஷல்?

‘புல்லிட்’ படத்தில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார் அது. 1974-ல் ஒரு குடும்பம் அதை வாங்கி, சாதாரண வீட்டுக் காராகவே ஓட்டியது. 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் தரவில்லை. அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். புது பெயின்ட் அடிக்காமல், படத்துக்காகச் செய்த மாற்றங்களைக் கூட எடுக்காமல் விட்டதுதான் விலையை ஏற்றியது.

மசில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவு காரில் பெரிய வி8 இன்ஜினை வைத்தால் அதுதான் மசில் கார். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ-வை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஒரு கணக்கு பாருங்க: நம்ம பழைய அம்பாசிடர் இன்ஜின் 1,489 சிசி. பிளைமவுத் ஹெமி குடாவின் இன்ஜின் சுமார் 7,000 சிசி!

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏறிய இன்சூரன்ஸ் பிரீமியம், 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து இந்தக் கார்களின் காலத்தை முடித்துவைத்தன. 1971 ஹெமி குடாவின் திறந்த கூரை மாடல் ஒரு டஜனைத் தாண்டாது. அதில் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தியாவில் ஏன் இவை கண்ணில் படவில்லை?

மசில் கார்கள் வந்த காலத்தில் இங்கே கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டுத் தூதரகத்தினர் கொண்டுவந்த கார்களை, மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி ஏலத்தில் விற்கும். பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் அப்படித்தான் வெளிநாட்டுக் கார்களைப் பிடித்தார்கள்.

புதுசாக்கினால் விலை ஏறுமா?

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். டிங்கரிங், பட்டி, பளபள பெயின்ட் மட்டும் விலையைத் தராது. ஏலத்தில் முதலில் பார்ப்பது சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். கம்பெனியில் எந்த இன்ஜினோடு வந்ததோ அதே இன்ஜின் இருக்கணும். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டியது நம்ம ஊரில் சகஜம். ஓட்டுவதற்கு அது லாபம். பழமை மதிப்புக்கு நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது.

- முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய பைக், கார்களுக்கு இது பொருந்தும்.
- சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.
- பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அடுத்த முறை 5,000 ரூபாய்.
- ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரலாம். புதிதாகப் பதிவு செய்தால் ‘விஏ’ வரிசை நம்பர்.
- தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான தேவைக்கு மட்டும்தான்.

எது லாபம்?

2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாயாகவும், இறக்குமதி காருக்கு 80,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இது 5 ஆண்டுக்கு ஒருமுறை. அதாவது 10 ஆண்டுக்கு உள்ளூர் கார் என்றால் 20,000. இறக்குமதி கார் என்றால் 1.6 லட்சம். எனவே உள்ளூர் அம்பாசிடரை ரோட்டில் ஓட்டணும்னா சாதாரணப் பதிவே சரி. ஷெட்டில் நிற்கும் பழைய பிளைமவுத், இம்பாலா வைத்திருப்பவர்களுக்கு விண்டேஜ் பதிவுதான் மிச்சம்.

அப்போ கோடி வருமா?

அம்பாசிடருக்கு வராது. 2014 வரை தயாரான கார் அது; அரிய பொருள் இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிகள் அதைவிட அரிது. ஆனால் எந்த வண்டியானாலும் பேப்பர் இல்லாவிட்டால் எடைக்கு மேல் பேரம் பேசுவது கஷ்டம்.

பழைய ஆர்சி புக் தேடுபவர்களுக்கு ஒரு விஷயம்: திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். 50 வயது வண்டி உள்ளூரில் வாங்கியது என்றாலும், பெரும்பாலும் மதுரை மாவட்டப் பதிவாகத்தான் இருக்கும். காயலான் கடைக்கு போன் போடுவதற்கு முன்னால் ஆர்சி, இன்சூரன்ஸ், முதல் பில், சேசிஸ் நம்பர் நான்கையும் எடுத்து ஒன்றாக வையுங்கள். பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்.