தங்கவயலும் வெள்ளித்திரையும்

ஓர் ஊரின் பெயரைத் தலைப்பாகச் சூடிக்கொள்ளும் திரைப்படம் அவ்வூர் மக்களுக்குச் சிறிதேனும் கடன்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. கோலார் தங்கவயலின் பெயரைத் தாங்கிய அத்தகைய படம் 2018 டிசம்பரில் வெளிவந்தது. பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்.' கன்னடத்தில் உருவாகித் தமிழிலும் பிற மொழிகளிலும் பேசியது. 2022 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகமோ ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. பேத்தமங்களாவிலிருந்து வெளியூர் சென்று, தங்கவயலுக்கு அருகில் உள்ள ஊர் என்று நாம் சொன்னால், "ராக்கி பாய் ஊரா?" என்றுதான் இன்று கேட்கிறார்கள்.

புழுதியும் கரியும் படிந்த அதன் நிறத்தையும், நெஞ்சை அதிரச் செய்யும் இசையையும் குறை கூற இயலாது. திரையரங்கில் நானும் கைதட்டினேன். ஆயினும் வெளியே வந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. கதையில் வரும் நராச்சிச் சுரங்கத்தில் மக்கள் அடிமைகளாக அடைபட்டுக் கிடக்கின்றனர். அவர்களை மீட்க வெளியிலிருந்து ஒரு வீரன் வருகிறான். அவன் வரும்வரை அவர்கள் அஞ்சி நடுங்குகின்றனர். கற்பனைக் கதைக்கு வரலாற்றுக் கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். பார்க்க வேண்டியதில்லைதான். ஆனால் உண்மை, கற்பனையைவிடச் சுவையாக இருக்கிறதே! 1930-இல் சுரங்கத் தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்ய நிருவாகம் முற்பட்டது. அதனை ஏற்க மறுத்து அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களைத் தட்டி எழுப்ப எந்த வீரனும் துப்பாக்கியோடு வரவில்லை.

அவர்கள் எதிர்கொண்ட பகைவனும் வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைத் தாண்டும். அழுத்தம் மிகுந்த பாறை எந்த நொடியில் வெடித்துச் சிதறும் என்று ஒருவரும் அறியார். காலையில் கூண்டில் இறங்கும் மனிதர் மாலையில் மேலே வருவாரா என்று வீட்டில் காத்திருந்த அச்சத்தை எத்தனை சண்டைக் காட்சிகள் வைத்தாலும் ஈடு செய்ய முடியாது.

2024 ஆகஸ்டு 15 அன்று வெளியான பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' என்னை வேறு விதமாகச் சோதித்தது. அதில் குறைகள் உண்டு. வரலாறு எது, கனவு எது, தொன்மம் எது என்று பிரித்தறிய முடியாதபடி பிற்பாதி குழம்புகிறது. பேச்சு பல இடங்களில் காதில் தெளிவாக விழவில்லை. பொன்னைக் காக்கும் ஆரத்தி தோன்றும் காட்சிகளைச் சற்றே குறைத்திருக்கலாம். இருந்தும் இப்படத்தை மீண்டும் பார்க்க விரும்புகிறேன். வட ஆர்க்காட்டில் நிலத்தை இழந்த ஓர் உழவன், வெள்ளைக்கார அதிகாரியின் பின்னே பொன் தேடிப் புறப்படுகிறான். நம்முள் பலருடைய பாட்டன்மார் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து இவ்வாறு வந்தவர்களே. அவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வியை இப்படம் திரையில் எழுப்புகிறது. பொன் கிடைக்கும் காட்சியைக் காட்டிலும், ஊர்ப் பெண்கள் முதன்முதலாக இரவிக்கை அணிந்து மகிழும் காட்சியே என் மனத்தில் தங்கியது. கூலி என்பது வெறும் பணமன்று என்பதை அங்கே ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்திவிடுகிறார்கள்.

ஆரவாரமே இல்லாமலும் உழைப்பாளரின் கதையைச் சொல்ல முடியும். லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல், 'கே.ஜி.எஃப்.' வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்னரே வந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் இரங்கசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும், கதை அவ்வளவே. மெதுவாக நகர்கிறது என்று என்னோடு பார்த்த நண்பர் கொட்டாவி விட்டார். மலையேறுபவன் மெதுவாகத்தானே நடப்பான்! இறுதியில், தான் ஆசைப்பட்டு வாங்கிய நிலத்திலேயே அவன் காவலாளியாக அமர்ந்திருக்கும் காட்சியைக் கண்டபின் நண்பரும் வெகுநேரம் பேசவில்லை.

தங்கவயலில் இன்னும் தொடப்படாத கதைகள் எத்தனையோ உள்ளன. 1965-இல் அச்சுரங்கத்தின் ஆழத்தில்தான் அறிவியலாளர்கள் காற்றுமண்டல நியூட்ரினோ துகள்களைக் கண்டறிந்தனர். பாலாற்றின் குறுக்கே அமைந்த நம் பேத்தமங்களா ஏரியே சுரங்க நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது. 'தங்க நகரம்' என்று படமெடுப்பவர் எவரும் அந்நீரைத் தேடி இங்கு வந்ததாகத் தெரியவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டியபின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை தொடங்கிற்று. அந்த இரயில் பெட்டிக்குள் நிகழும் ஒரு கதை திரைக்கு வருமானால், முதல் நாளே நுழைவுச்சீட்டு வாங்கி விடுவேன்.