மஞ்சள் பெட்டி உண்டியலா?

இங்க பிரிட்டன்ல வேகக் கேமரான்னாலே 'கவர்மெண்ட் வெச்ச உண்டியல்'னு சொல்றது ஒரு ஃபேஷன். நம்ம மக்களும் ஃபைன் கட்டச் சொல்லி லெட்டர் வந்த மறுநாளே இதே பாட்டைத்தான் பாடறாங்க. சாமிகளா, பளிச்சுன்னு மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, முன்னாடியே போர்டும் வெச்சுட்டு வசூலுக்கு உக்கார்றவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான் :-)

உண்டியல் கட்சிக்கு ஒரே ஒரு கேள்வி. 2010ல ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கவுன்சில், பட்ஜெட்ல துண்டு விழுதுன்னு கேமராவுக்குக் காசை நிறுத்த, ஆகஸ்ட்ல எல்லாம் அணைஞ்சுது. ஃபைன் பணம் போறது லண்டன் கஜானாவுக்கு. பராமரிப்புச் செலவு மட்டும் உள்ளூர்க்காரன் தலையில. காசில்லன்னு உண்டியலை மூடின கோயிலை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? 2011 ஏப்ரல்ல போலீஸ் திரும்ப ஆன் பண்ணுச்சு.

சரி, உயிர் மிஞ்சுதா? 2010ல காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை அலசுச்சு. கேமரா பக்கத்துல, சாவும் பலத்த காயமும் ஏற்படற விபத்துகள் 11லேர்ந்து 44 சதவீதம் வரை குறைஞ்சிருக்கு. 'விபத்து எக்கச்சக்கமா நடந்த இடத்துலதான் கேமரா வெப்பாங்க, அடுத்த வருஷம் அது தானாவே குறையும்'னு ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான், குறைவுல ஒரு பங்கு அப்படி வந்திருக்கலாம். அதுக்காக மொத்தமும் மாயையா? 30 மைல் வேகத்துக்கும் 40க்கும் வித்தியாசம் பத்துதான்னு நினைக்காதீங்க. மோதற சக்தி 78 சதவீதம் ஜாஸ்தி. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்!

என் கடுப்பு வேற. பெட்டி கிட்ட பிரேக், தாண்டினதும் ஆக்ஸிலேட்டர், கங்காரு மாதிரி. 2017ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்லேர்ந்து வந்த ஆய்வுல, பலன் சுமார் 500 மீட்டருக்குள்ளதான். ஒண்ணரை கிலோமீட்டர் தாண்டினா விபத்து திரும்பக் கூடற அறிகுறியும் தெரியுது. அதுக்குக் கேமராவைப் பிடுங்கணுமா? சராசரி வேகக் கேமரா போடுங்கய்யா! ரெண்டு இடத்துல நம்பர் பிளேட்டைப் படிச்சு, தூரத்தை நேரத்தால வகுத்தா போச்சு. ஆறு மைலை அஞ்சு நிமிஷத்துல கடந்தா 72. நடுவுல எங்க பிரேக் போட்டீங்கன்னு யாருக்கு வேணும்? ஸ்காட்லாந்துல டன்பிளேன்லேர்ந்து இன்வர்னஸ் வரை ஏ9 ரோட்டுல 2014லயே போட்டாச்சு. போடறதுக்கு முன்னாடி அங்கயும் எதிர்ப்புக் கோஷம்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்தப் பெட்டிக்குத் தன் பேரைக் குடுத்த காட்சோனிடிஸ், 1953ல மான்டே கார்லோ ராலி ஜெயிச்ச டச்சுக்காரர். வளைவுல இன்னும் வேகமா போறதுக்குத்தான் தன் வேகத்தையே அளந்து பார்த்தார் மனுஷன் :-)