பள்ளி வாயிலுக்கு அப்பால் நிற்கும் பெற்றோர்



சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஒரு நடுநிலைப்பள்ளி இருந்தது. பங்குத்தந்தை என்ற முறையில் அதன் தாளாளர் பொறுப்பும் என்னுடையதே. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தை வேலை நாளன்று பிற்பகல் 3 மணிக்குக் கூட்டுவது அங்கு வழக்கம். வருவோர் மிகச் சிலரே. "பெற்றோருக்குப் பிள்ளைகள்மீது அக்கறையில்லை" என்று ஒரு ஞாயிறு மறையுரையில் கடிந்துகொண்டேன்.

அன்று திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் ஏழாம் வகுப்பில் படித்தான். அடிக்கடி பள்ளிக்கு வராததால், அவன் பெயரை நீக்கிவிடலாமா என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த வேளை அது. "3 மணிக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும், சாமி. வந்தாலும், எழுதப் படிக்கத் தெரியாத நான் அங்கே என்ன பேசுவேன்?" என்றார். மேலும் விசாரித்தபோது, அவர் வெளியூருக்கு வேலைக்குச் செல்லும் நாள்களில், படுத்த படுக்கையாயிருந்த பாட்டியைக் கவனிக்க மகன் வீட்டில் தங்கிவிடுகிறான் என்பது தெரிந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்த எங்களில் எவரும் அக்காரணத்தை அந்தத் தாயிடம் கேட்டிருக்கவில்லை. நான் தலைகுனிந்தேன்.

பிள்ளைகளுக்கு முதன்மையான, தலையாய ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் 1965-இல் போதித்தது. பள்ளி அவர்களுக்குத் துணை நிற்பது. அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்வதன்று. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் எண் இருதரப்பாருக்கும் கடமை விதிக்கின்றது. பெற்றோர் ஆசிரியருடன் நெருங்கி ஒத்துழைக்கவேண்டும். ஆசிரியர் பெற்றோருக்கு மனமுவந்து செவிசாய்க்கவேண்டும். பெற்றோருக்கான கூட்டங்களை ஏற்படுத்தி, அவற்றைப் பெரிதும் மதிக்கவேண்டும். நானோ ஒரு தரப்பின் கடமையை மட்டுமே மறையுரையில் முழங்கியிருந்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாததைக் குறையாக எண்ணும் பெற்றோருக்கு ஒன்று கூறுவேன். புனித ஜான் போஸ்கோவின் அன்னை மார்கரீத்தாவும் எழுத்தறிவு இல்லாதவரே. 1846-இல் அவர் தம் ஊரை விட்டுத் துரின் நகருக்கு வந்து, மகன் கூட்டிச் சேர்த்த ஏழைச் சிறுவர்களுக்குச் சமைத்தார், அவர்களுடைய கிழிந்த ஆடைகளைத் தைத்தார், நல்லுரை கூறினார். 1856-இல் இறக்கும்வரை அவர்களுக்குத் தாயாக விளங்கினார். அந்த இல்லத்தின் கல்விப் பணியில் அவருக்குப் பங்கில்லை என்று யார் கூறுவர்?

அதன்பின் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். பிற சமயப் பெற்றோரும் தயக்கமின்றி வர, பள்ளிக் கட்டடத்திலேயே நடத்தினோம். மரியாயின் சேனைப் பெண்கள் முறை வைத்து அந்தப் பாட்டியைக் கவனித்துக்கொண்டனர். பையன் எட்டாம் வகுப்பை முடித்து உயர்நிலைப்பள்ளிக்குச் சென்றான். எல்லாக் குடும்பத் துன்பங்களும் இவ்வாறு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அவற்றை அறியாமலே ஒரு பிள்ளையின் பெயரை அடித்துவிடும் பிழையை நாங்கள் மீண்டும் செய்யவில்லை.

பெற்றோரே, கட்டணத்தைச் செலுத்தியதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரை அறிந்துகொள்ளுங்கள். மாலையில் பிள்ளையின் அருகே சற்று நேரம் அமருங்கள். அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். நேரம் பொருந்தவில்லையெனில் அதையும் துணிந்து கூறுங்கள். பள்ளிப் பொறுப்பிலுள்ள என் சகோதரக் குருக்களே, கன்னியரே, அவர்கள் கூறும்போது நாமும் செவிசாய்ப்போமாக.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக!