கூலி கேளாத உழைப்பும் கூசாத கைகளும்

பழந்தமிழ் நூல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் நன்றியோடு நினைக்கிறோம். நினைக்க வேண்டியதே. 1887இல் ஒருவர் கலித்தொகையையும் மற்றவர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஆனால், அத்தகைய நூல்களைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்து, எங்கிருப்பவரும் காசின்றிப் படிக்கச் செய்தவர் யாரெனக் கேட்டால், நம்முள் பெரும்பாலோர் விழிப்பர்.

1998ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டி மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத பலர், பல நாடுகளிலிருந்து, தமிழ்ப் பற்றொன்றையே உறவாகக் கொண்டு கைகோத்தனர். ஒருவர் எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட, இன்னொருவர் பிழை திருத்தினார். எவரும் கூலி கேட்கவில்லை. அந்த மின்நூல்களை யாரும் தாராளமாகப் பரப்பலாம்; விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. முகப்புப் பக்கத்தைச் சிதைக்கக் கூடாது. உழைத்தவர்களின் பெயர்கள் அப்பக்கத்திலேதான் உள்ளன.

அந்த ஒரு பக்கத்தைத்தான் நம்மவர் சிலர் கூசாது வெட்டியெறிகின்றனர்! நூலை அப்படியே எடுத்துத் தமது பெயரில் வெளியிடுகின்றனர். தட்டச்சுப் பிழைகள்கூட இடம் மாறாமல் வந்து களவுக்குச் சாட்சி சொல்லுகின்றன. ஆராய்ச்சியாளர் சிலரோ இன்னும் சாமர்த்தியசாலிகள். வாசித்தது மின்நூலை, அடிக்குறிப்பிலே காட்டுவது கையால் தொட்டும் அறியாத பழைய பதிப்பை. பின்னர் மேடையேறி, "பொழுதுபோக்குக்காரரின் வேலை; பிழை மலிந்தது" என்று இகழ்வர். பிழை உண்டு, மறுப்பாரில்லை. கண்ட பிழையை எழுதியனுப்ப இப்பெரியோருக்கு எத்தனை நாழிகை செல்லும்?

ஈழத்திலே இது வெறும் மரியாதைப் பிரச்சினையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்தவற்றையும் தின்றன. 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம், எஞ்சிய நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துப் பொதுச் சொத்தாக்கி வருகின்றது. உயிரோடுள்ள எழுத்தாளனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது நியாயமே. அவன் வயிற்றில் அடிப்பது முற்போக்காகாது. ஆனால், எந்தப் பதிப்பாளரும் மறுபதிப்புச் செய்யப்போகாத ஐம்பதாண்டுப் பழமையான சஞ்சிகையைக் கறையானுக்குக் கொடுப்பதில் யாருடைய உரிமை காக்கப்படுகின்றது?

எனக்குத் தெரிந்த பெரியவரொருவர் அத்தகைய தொகுதிகளைப் பூட்டிய அலுமாரியில் வைத்திருக்கிறார். இரண்டு நாள் இரவல் தந்தால் படியெடுத்துத் திருப்பித் தருவதாக இளைஞரொருவர் எத்தனையோ முறை கேட்டும் கொடுத்தாரில்லை. அதே பெரியவர் தமது கட்டுரைகளுக்கு வேண்டியவற்றை அந்த இளைஞர் போன்றோர் உழைத்துச் சேர்த்த திரட்டிலிருந்தே நாள்தோறும் எடுத்துக்கொள்கிறார். (மேடையில் பொதுவுடைமை பேசுவதிலும் அவர் வல்லவர்.) நிலத்தை அடைத்து வைத்திருப்பவனைச் சுரண்டற்காரன் என்கிறோம், இவரை மட்டும் அறிஞர் என்பதேன்?

ஆசிரியத் தோழர்களே! உங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையிலும் பழைய ஆண்டு மலர்களும் மாணவர் கையெழுத்துச் சஞ்சிகைகளும் கிடக்கக்கூடும். மாரிக்கு முன்பே அவற்றை எடுத்துப் படியெடுப்போரிடம் ஒப்படையுங்கள். மாணவருக்கு மின்நூற் பகுதியைப் பிரதிசெய்து கொடுக்கும்போது, தாள் ஒன்று கூடினாலும் பாதகமில்லை, முகப்புப் பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள்.