நிலக்கரி யாருடைய சொத்து?

நாட்டின் பொருள்வளங்கள் பொதுநலனுக்குப் பயன்படும் வகையில் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 39(பி) பிரிவு. இந்நெறிக்கு இசைவாகவே 1971 முதல் 1973 வரையிலான காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1975இல் கோல் இந்தியா நிறுவனம் உருவாயிற்று.

2010இல் மன்மோகன் சிங் அரசு அதன் 10 சதவீதப் பங்குகளைச் சந்தையில் விற்று 15,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டிசிஐ என்னும் முதலீட்டு நிதியம் அந்நிறுவனத்தின் சுமார் ஒரு சதவீதப் பங்கைக் கைக்கொண்டது. 2012 ஜனவரியில் நிலக்கரிக்கான புதிய விலையை அறிவித்த கோல் இந்தியா, அம்மாத இறுதிக்குள் அதைத் திரும்பப் பெற்றது. மின் நிலையங்களுடன் எரிபொருள் வழங்கல் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுமாறு ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஆணை பிறந்தது. டிசிஐ வெகுண்டெழுந்தது. சந்தை விலைக்குக் குறைவாக விற்பது பங்குதாரருக்கு இழைக்கும் அநீதி என்று கூறி, கோல் இந்தியாவின் இயக்குநர்கள்மீதே வழக்குத் தொடுத்தது. பிரிட்டன், சைப்ரஸ் ஆகிய நாடுகளுடனான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைக் காட்டிப் பன்னாட்டுத் தீர்ப்பாயத்திற்குச் செல்வதாகவும் மிரட்டியது. 2014இல்தான் பங்குகளை விற்று வெளியேறியது.

அந்த ஆணையால் தனியார் மின் முதலாளிகளும் ஆதாயம் பெற்றனர் என்பது மறைக்கத்தக்கதன்று. ஆயினும் அக்குறையைக் கேள்வி கேட்க வேண்டியது நாடாளுமன்றமும் மக்களுமேயன்றி, ஒரு சதவீதப் பங்கு வைத்திருக்கும் அந்நிய நிதியம் அன்று.

அந்த மிரட்டல் வெற்றுச் சொல்லும் அன்று. கோல் இந்தியாவுடனான பூசலில் தனக்குச் சாதகமான தீர்ப்பை இந்திய நீதிமன்றங்கள் நிறைவேற்றாமல் தாமதித்தன என்று முறையிட்ட ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திற்கு, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய டாலரையும் வட்டியையும் இந்தியா தர வேண்டுமென 2011 நவம்பரில் பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்று கூறிவிட்டிருந்தது.

இத்தகைய அடிகளுக்குப் பின்னரே 2015இல் புதிய மாதிரி ஒப்பந்தம் வகுக்கப்பட்டது. உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐந்தாண்டுகள் தீர்வு தேடிய பிறகே அந்நிய முதலீட்டாளர் வெளியே செல்லலாம்; வெறும் பங்கு முதலீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அது வரையறுத்தது. பழைய ஒப்பந்தங்கள் பலவும் 2016 தொடங்கி முறிக்கப்பட்டன. இப்போது மோடி அரசு தானே எழுப்பிய அந்த வேலியைத் தானே பிரிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2024இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு மூன்றாண்டாகச் சுருங்கிற்று. பங்கு முதலீடும் பாதுகாப்புக்குள் நுழைந்தது. மாதிரி ஒப்பந்தமே முதலீட்டாளருக்கு மேலும் உகந்ததாகத் திருத்தப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. டிசிஐ தட்டிய கதவு மீண்டும் திறக்கப்படுகிறது.

நிலக்கரித் தொழிலாளர்கள் ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள். 2015 ஜனவரியில் ஐந்து மத்தியத் தொழிற்சங்கங்களும் ஒன்றிணைந்து வேலைநிறுத்தம் செய்தன. அம்மாத இறுதியிலேயே மேலும் 10 சதவீதப் பங்குகளை விற்று அவர்களுக்கு விடையளித்தது அரசு. இன்று கோல் இந்தியாவில் அரசின் பங்கு 63 சதவீதமே.

பங்கை விற்பது பணத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. கொள்கையின்மீது உரிமை கொண்டாடும் வழக்காளியையும் கொண்டுவருகிறது. ஆகவே பொதுத்துறைப் பங்கு விற்பனை கைவிடப்பட வேண்டும். முதலீட்டு ஒப்பந்தம் ஒவ்வொன்றும் கையெழுத்திடப்படும் முன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். நிலக்கரியின் விலையையும் பங்கீட்டையும் தீர்மானிக்கும் உரிமை இந்நாட்டு மக்களுக்கே உரியது. அதை எந்தத் தீர்ப்பாயத்திற்கும் அடகு வைக்க எந்த அரசுக்கும் அதிகாரமில்லை.