சாலை விலகிப்போன ஊர்

மர்பி டவுனிலிருந்து மைசூருக்குக் குடும்பத்தோடு காரில் போனால், முன்பெல்லாம் சென்னபட்டணாவில் வண்டியை நிறுத்தாமல் தப்பிக்க முடியாது. பிள்ளைகள் விடமாட்டார்கள். சாலையோரக் கடை வாசல்களில் ஆடுகுதிரையும் நடைவண்டியும் பம்பரமும் அப்படி இழுக்கும்.

இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 118 கி.மீ. பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலை, ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறது. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கியது. பழைய சாலையில் பொம்மை வியாபாரமும் சுருங்கியது.

இதே கதை தாய்லாந்தில் முன்பே நடந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள தம்னேன் சதுவாக் கால்வாய் 1866-68இல் வெட்டப்பட்டது. தோட்டக்காரர்கள் காய்கனிகளைப் படகில் ஏற்றிவந்து அங்கே விற்றார்கள். சாலைகள் வந்ததும் படகு வியாபாரம் மெலிந்தது. அந்த மிதக்கும் சந்தையைக் காப்பாற்றியவர்கள் சுற்றுலாப் பயணிகள். போகிற வழியில் இருந்த சந்தை, தேடிப் போகும் சந்தையாயிற்று. அதற்கு ஒரு விலையும் உண்டு: அங்கே இன்று காய்கறியைவிட நினைவுப்பொருள்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

சென்னபட்டணாவும் தேடிப் போகும் ஊராக மாறியாக வேண்டும். அதற்கு வேஷம் எதுவும் போட வேண்டியதில்லை. வேலையைக் காட்டினாலே போதும். கன்னடத்தில் 'ஆலெ மர' என்பது நம் வெட்பாலை. அந்தக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு வைத்து விளையாடியவர்களுக்கு இந்தக் கடைசல் வேலை அந்நியமாகத் தோன்றாது.

பிளாஸ்டிக் பொம்மை விலையில் ஜெயிக்கலாம். ஆனால் அது பிறக்கும் விதத்தைக் குழந்தை பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். பட்டறைக்கு ஆளைக் கூட்டிவராது. விரைவுச் சாலையில் போகிறவர்களைத் திருப்ப, பளிச்சென்ற அறிவிப்புப் பலகைகளும், பார்வையாளர்களை வரவேற்கும் பட்டறைகளும் வேண்டும். அரசு இதற்குச் செலவிட வேண்டிய தொகை, சாலைக்குக் கொட்டிய கோடிகளுக்கு முன் தூசு.

நல்லவேளை, சாலை விலகினாலும் தண்டவாளம் விலகவில்லை. மர்பி டவுன்காரர்கள் அல்சூரில் மெட்ரோ ஏறி சிட்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், சென்னபட்டணாவில் நின்று செல்லும் மைசூர் ரயில்கள் இருக்கின்றன. சுமார் 60 கி.மீ.தான். கடையோடு திரும்பிவிடாதீர்கள், கடைசல் பிடிக்கும் பட்டறை எங்கே என்று விசாரித்து, அங்கேயே வாங்குங்கள். கொடுக்கும் காசு, கடைந்த கைக்கு நேராகப் போய்ச் சேரும்.