நீரை நாடும் நச்சுவாயு

2023 டிசம்பர் 26ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளை. எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாளாமல், மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எண்ணூர்க் கழிமுகத்துக்குத் தெற்கே அவ்வூர். வடக்கே நமது காட்டுப்பள்ளி. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ வாழும் நாம், அந்த வாயு உடலுக்குள் செய்வது யாது என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

அம்மோனியா நீரை நாடும் வாயு. ஈரத்தில் பட்டவுடன் கரைந்து, அரிக்கும் காரக் கரைசலாகிவிடும். நம் உடலில் காற்று தொடும் ஈரமான இடங்கள் எவை? கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல். எனவேதான் முதலில் கண் எரிகிறது. அடுத்துத் தொண்டை கமறுகிறது.

மூச்சுக்குழலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுள் சில, சளியைச் சுரக்கின்றன. வேறு சிலவற்றின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் உள்ளன. சளியில் ஒட்டிய தூசியை அவை ஓயாமல் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. தூசிக்கு இக்காவல் போதும்; காரத்துக்குப் போதாது. ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு பெரிதும் கொழுப்பால் ஆனது. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பதை நாம் அறிவோம். அவ்வாறே காரம் சவ்வைச் சிதைக்க, உயிரணு மடிகிறது. வாயு மிகுந்தால் நுரையீரலின் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளையும் எட்டும். அவற்றின் மிக மெல்லிய சுவரைக் கடந்தே ஆக்சிஜன் குருதியில் கலக்க வேண்டும். அச்சுவர் புண்பட்டு நீர் கசிந்தால், சுற்றிலும் காற்றிருந்தும் மூச்சு முட்டும்.

வியப்பு யாதெனில், இதே அம்மோனியா நம் உடலிலும் அன்றாடம் தோன்றுகிறது. புரதம் சிதையும்போது உண்டாகும் அதனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. உள்ளே பிறக்கும் சிறிதளவுக்கு இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு! வெளியிலிருந்து திரளாகப் புகும் வாயுவோ, கல்லீரலை அடையுமுன் வழியிலுள்ள உயிரணுக்களை அரித்துவிடுகிறது.

நீரை நாடும் அக்குணமே நமக்குத் துணையாகவும் அமையும். நெடி வந்தால் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். வாயுவில் ஒரு பகுதி அவ்வீரத்திலேயே கரையும். அது தப்பிச் செல்லும் சிறுபொழுதுக்கு மட்டுமே உதவும். காற்று வீசும் திசையில் ஓடாதீர்கள். அதற்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். கண்ணைக் கசக்காமல், கால் மணி நேரமாவது தூய நீரால் கழுவுங்கள். வாயு பட்ட உடையைக் களைந்துவிடுங்கள். எரிச்சல் தணிந்த பின்பும் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரை நாடத் தவறாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

தாய்மார்களே, இதனை இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். குழாய் கசியும் இரவில் பாடம் நடத்த நேரம் இராது.